சானல் கரை வழியா பள்ளிக்கூடத்துக்கு

எல்லாருக்கும் வணக்கம். என்னைய பேசக் கூப்பிட்டப்போ நான் முதல்ல கேட்டது, சார் நான் சைக்கிள் கடைக்காரன், மைக்கு முன்னாடி நின்னு என்ன பேசுறதுன்னு. கடைக்கு வர்றவங்க கிட்ட எப்படி பேசுவீங்களோ அப்படியே பேசுங்கன்னாங்க. சரின்னு வந்துட்டேன். விரல்ல கிரீஸ் கறை இன்னும் போகல, நல்லவேளை ரேடியோவுல அது தெரியாது.

என் கடை கன்னியாகுமரி மாவட்டம் கல்குளம் தாலுகாவுல, ஒரு கவர்மென்ட் ஸ்கூலுக்குக் கொஞ்சம் முன்னால, சானல்னு நாங்க சொல்ற பாசனக் கால்வாயோட கரையும் தார் ரோடும் சேருற முக்குல இருக்கு. இருவது வருஷத்துக்கு மேல பிள்ளைங்க சைக்கிளைப் பாத்துப் பாத்து எனக்கு ஒரு பழக்கம் வந்துருச்சு, சைக்கிளை உருட்டிக்கிட்டு வந்து நிறுத்தினாலே அந்தப் பிள்ளை எந்த வழியா வந்துச்சு, எங்க விழுந்துச்சுன்னு ஓரளவு சொல்லிருவேன். முன் ரிம்மு கோட்டமா இருந்தா பாலத்து இறக்கத்துல இருக்குற குழி. செயின்ல செம்மண்ணு அப்பியிருந்தா சானல் கரை. இடது பெடல் வளைஞ்சு, இடது கைப்பிடி தேஞ்சு, பிள்ளையோட இடது முழங்கையில சிராய்ப்பும் இருந்துச்சுன்னா அது ரோட்டோரத்துல விழுந்தது, கேக்கவே வேண்டாம். என் கடைக்கு வர்றதுல இந்த இடது பெடல் கேசுதான் ஜாஸ்தி.

ஏன் இடது பக்கமே விழுதுங்கன்னு யோசிச்சுப் பாருங்க. நம்ம ஊர் ரோட்டை ஒவ்வொரு தடவை போடும்போதும் பழைய தாருக்கு மேலேயே புதுத்தார் போட்டுப் போட்டு ரோடு உசந்துக்கிட்டே போகுது, ஓரத்து மண்ணு மட்டும் பழைய இடத்துலயே கிடக்கு, மழைக்கு அதுவும் அரிச்சுப் போயிருது, இப்போ பல இடத்துல தாரோட விளிம்புக்கும் மண்ணுக்கும் நடுவுல ஒரு சாண் பள்ளம். பெரியவங்களுக்கு இது ஒரு விஷயமே இல்ல, பைக்குல போறவன் நடு ரோட்டுல போறான், கார்ல போறவனுக்கு அது கண்ணுலயே படாது. ஆனா பின்னால டாரஸ்னு சொல்ற பெரிய லாரி ஒண்ணு ஹாரன் அடிச்சா பன்னெண்டு வயசுப் பிள்ளை என்ன செய்யும், பயந்து ஓரத்துக்கு ஒதுங்கும், ஒதுங்கினா முன் வீலு அந்தப் பள்ளத்துல இறங்கும், இறங்கின வீலைத் திருப்பி மேல ஏத்தப் பாக்கும்போது அந்த விளிம்பு டயரை ஏற விடாது, சைக்கிள் சரியும். மண்ணு பக்கம் சரிஞ்சா சிராய்ப்போட போச்சு. லாரி பக்கம் சரிஞ்சா என்ன ஆகும்னு நான் சொல்ல வேண்டாம்.

இதுக்கு என்ன பெரிய செலவு ஆகும்? ரோடு வேலை பாக்குறவங்க அந்த ஓரத்தை பெர்ம்னு சொல்லுவாங்க, அதுல சரள்மண்ணு போட்டு தார் மட்டத்துக்கு ரோலர் விட்டு அமுக்கினா போதும். பழைய தாரைச் சுரண்டி எடுத்துட்டுத்தான் புதுசு போடணும்னு 2021ல அப்போ தலைமைச் செயலரா இருந்த இறையன்பு உத்தரவே போட்டாரு. உங்க தெருவுல வேலை நடக்கும்போது சுரண்டுற மெஷின் வந்துச்சான்னு பாருங்க, வரலன்னா அங்கயே நின்னு கேளுங்க. வேலை முடிஞ்ச பிறகு கேட்டா பில்லு பாஸ் ஆயிருக்கும்.

சரி, இப்போ ஒரு கோலப்பொடி விஷயம் சொல்றேன். எங்க ஸ்கூல் மேலாண்மைக் குழுவுல நானும் ஒரு ஆளு. ஒரு மீட்டிங்ல பிள்ளைங்க வர்ற வழி பத்திப் பேச்சு வந்துச்சு. பெரியவங்க நாங்க எல்லாரும் ஒரே குரல்ல மெயின் ரோடு ஜங்ஷன்தான் ஆபத்து, அங்க ஒரு போலீஸ் போடணும்னு சொல்லிட்டு டீ குடிச்சிட்டுக் கிளம்புற நேரம், ஒரு டீச்சர், பிள்ளைங்க கிட்ட கேட்டீங்களான்னு கேட்டாங்க. கேக்கல. மறுநாள் காலைல நாங்க நாலு பேரு பிள்ளைங்களோட நடந்தோம், ஆளுக்கு ஒரு டப்பா கோலப்பொடி குடுத்து, உங்களுக்கு எங்க பயமா இருக்கோ அங்க ஒரு வட்டம் போடுங்கன்னோம்.

ஜங்ஷன்ல ஒரு வட்டம் கூட இல்ல. அங்க எல்லா வண்டியும் மெதுவாத்தான் வருது, பெரியவங்க நிக்கிறாங்க, கை காட்டிக் கடத்தி விடுவாங்கன்னு சொல்லிட்டுங்க. வட்டம் விழுந்தது எங்கன்னா, ரப்பர் தோட்டத்துக்கு நடுவுல போற இடவழியில ஒரு வளைவு, அங்க ஒரு வீட்டு காம்பவுண்ட் சுவர் ஒசரமா கட்டியிருக்கு. ஆறாங்கிளாஸ் பிள்ளை ஒண்ணு சொல்லிச்சு, "மாமா, இஞ்ச நிண்ணா வண்டி வாறது தெரியாது, நான் காதை வச்சு கேட்டுட்டுதான் ஓடுவேன்." நான் எட்டிப் பாத்தேன், எனக்குத் தெரிஞ்சுது. குனிஞ்சு அவ ஒசரத்துக்கு நின்னு பாத்தேன், சுவரும் செம்பருத்திச் செடியும்தான். இத்தனை வருஷம் அந்த வழியா போயிருக்கேன், ஒரு தடவை கூட தோணல. அந்தச் செடியை வெட்ட எங்களுக்கு அரை மணி நேரம் ஆச்சு, வீட்டுக்கார அம்மா அருவாளும் குடுத்து மோரும் குடுத்தாங்க. சுவர் அப்படியேதான் நிக்கி, அதுக்கு எதிர்த்தாப்புல குவிகண்ணாடி வைக்க பஞ்சாயத்துல எழுதிக் குடுத்திருக்கோம்.

இன்னொரு வட்டம் கலுங்குக்கு, அதான் சின்னப் பாலத்துக்குப் பக்கத்துல. அங்க சாயங்காலம் சில ஆம்பிளைங்க உக்காந்து குடிக்கிற இடம், பாட்டில் உடைஞ்சு கிடக்கும், டியூப் பஞ்சர் அதனாலன்னு நான் நினைச்சிருந்தேன், ஆனா எட்டாங்கிளாஸ் பொம்பளப் பிள்ளைங்க பெரிய வட்டமா போட்டுட்டு ஒண்ணும் பேசாம நின்னதுங்க. அங்க ஒரு தெருவிளக்கு வேணும்னு அன்னைக்கே முடிவாச்சு. வழின்னா தார், குழி மட்டும் இல்லைன்னு எனக்கு அப்போதான் உறைச்சுது.

சானல் கரைக்கு வாறேன், எங்க பக்கம் பாதிப் பிள்ளைங்க வர்றது அது வழியாத்தான். லாரி கிடையாது, நிழல் இருக்கு, தூரமும் கம்மி. சைக்கிளுக்கு அதை விட நல்ல வழி எந்த இன்ஜினியரும் போட்டுக் குடுக்க முடியாது. ஆனா நம்ம மாவட்டத்துக்கு ஒரு கணக்கு இருக்கு, மத்த ஜில்லாக்காரங்கள்ல நிறைய பேருக்கு பெருமழை ஐப்பசி கார்த்திகையிலதான், நமக்கு ஜூன்லயே எடவப்பாதி மழை, அதாவது தென்மேற்குப் பருவமழை வந்துரும், அதே ஜூன்ல ஸ்கூல் திறப்பாங்க, அதே ஜூன்ல பாசனத்துக்கு பேச்சிப்பாறை அணையும் திறப்பாங்க. புதுசா ஆறாங்கிளாஸ் சேர்ந்த பிள்ளை முதல் தடவையா தனியா அந்தக் கரையில வர்ற வாரமும், கரை வழுக்குற வாரமும், சானல்ல தண்ணி முட்ட ஓடுற வாரமும் ஒண்ணுதான். இடிஞ்ச படி, அரிச்ச கரை எல்லாத்தையும் தண்ணி அடைச்சிருக்குற மார்ச்சுல இருந்து மே வரைக்கும் சரி பண்ணணும், மே மாசம் ஸ்கூலும் லீவு. ஜூன்ல போய் மனு குடுத்தா தண்ணி வத்தட்டும் பாக்கலாம்னுதான் பதில் வரும், அதுல தப்பும் சொல்ல முடியாது.

மழையில சைக்கிள் பத்தி ஒண்ணு சொல்லணும், இது என் தொழில். பிள்ளைங்க இடது கையில குடை, வலது கையில ஹேண்டில் பிடிச்சு ஓட்டுதுங்க. நம்ம சைக்கிள்ல வலது கைப் பிரேக்கு முன் வீலுக்கு, இடது கைப் பிரேக்குதான் பின் வீலுக்கு. அப்போ குடை பிடிச்சவன் கிட்ட முன் பிரேக்கு மட்டும்தான் இருக்கு, ஈரத்துல அதை அழுத்திப் பிடிச்சா முன் வீலு வழுக்கும். இதுல இன்னொண்ணு, இரும்பு ரிம்மு நனைஞ்சா பிரேக் கட்டை சரியா பிடிக்காது, முதல் ஒண்ணு ரெண்டு சுத்து தண்ணியைத் துடைக்கவே போயிரும். குடைக்குப் பதிலா ஒரு மழைக்கோட்டு வாங்கிக் குடுங்க. பதினொண்ணாங்கிளாஸ்ல கவர்மென்ட் குடுக்குற சைக்கிளை வீட்டுக்கு ஓட்டிட்டுப் போறதுக்கு முன்னாடி ஒரு தடவை ஏதாவது கடையில நட்டு, பிரேக்கு, ஸ்போக்கு எல்லாம் டைட் பண்ணிக்குங்க. என் கடைக்கு விளம்பரம்னு நினைச்சிராதீங்க, எந்தக் கடையா இருந்தாலும் சரி.

நடந்து வர்ற பிள்ளைங்களுக்கு வலது பக்கம், சைக்கிளுக்கு இடது பக்கம். நம்ம ஊர்ல எல்லாரும் இதை மாத்தித்தான் செய்யுறாங்க. நடக்குறவன் வலது பக்கம் போனா எதிர்ல வர்ற வண்டி கண்ணுல படும், ஒதுங்க நேரம் கிடைக்கும். ஆனா பிள்ளைங்களுக்கு மட்டும் பாடம் எடுத்துட்டு நாம தப்பிச்சிரக் கூடாது. முப்பது கிலோமீட்டர் வேகத்துல வர்ற வண்டி ஒரு செகண்டுக்கு எட்டு மீட்டருக்கு மேல ஓடும், அறுபதுல வந்தா பதினாறு மீட்டருக்கு மேல. டிரைவர் பிள்ளையைப் பாத்து கால் பிரேக்குக்குப் போறதுக்கே அந்த ஒரு செகண்டு ஆயிரும். அப்புறம் பிரேக் பிடிச்சு நிக்கிற தூரம் வேகம் ரெண்டு மடங்கானா நாலு மடங்காகும். ஆளும் வண்டியும் கலந்து போற இடத்துல முப்பதுக்கு மேல வேண்டாம்னு 2020ல ஸ்டாக்ஹோம்ல உலக நாடுங்க எல்லாம் கூடிச் சொன்னது சும்மா இல்ல.

அதுக்காக ராத்திரியோட ராத்திரியா சிமென்ட் குழைச்சு ஸ்கூல் முன்னாடி வேகத்தடை கட்டுறதும் வேண்டாம், அதுல விழுந்த சைக்கிளுங்களும் என் கடைக்குத்தான் வருது. ரோடு எப்படிப் போடணும்னு வகுக்குற இந்திய ரோடு காங்கிரஸ்ங்குற அமைப்பு ஒரு அளவு குடுத்திருக்கு, அகலம் 3.7 மீட்டர், ஒசரம் 10 சென்டிமீட்டர், வண்டி இருபத்தஞ்சு வேகத்துல ஏறி இறங்கலாம். நம்ம ஆளுங்க கட்டுறது அகலம் ஒரு முழம், ஒசரம் ஒரு சாண், வெள்ளைக் கோடும் கிடையாது. அது வேகத்தடை இல்ல, வரப்பு.

ரோடு சரியில்லைன்னா அப்பா அம்மா என்ன செய்யுறாங்கன்னும் பாக்குறேன். சைக்கிள்ல விட பயம், ஆட்டோவுக்கு காசு, கடைசில பதினஞ்சு வயசுப் பையன் கையில ஸ்கூட்டரைக் குடுத்துர்றாங்க. 2019ல மாத்தின மோட்டார் வாகனச் சட்டப்படி அதுக்கு வீட்டுப் பெரியவங்களுக்கு 25,000 ரூபாய் அபராதமும் 3 வருஷம் வரைக்கும் ஜெயிலும் வரலாம், வண்டி ரெஜிஸ்ட்ரேஷனும் 12 மாசத்துக்குப் போயிரும். அவங்களை மட்டும் திட்டி என்ன பிரயோஜனம்? கல்வி உரிமைச் சட்டத்து விதியில அஞ்சாங்கிளாஸ் வரைக்கும் ஒரு கிலோமீட்டருக்குள்ள, எட்டாங்கிளாஸ் வரைக்கும் மூணு கிலோமீட்டருக்குள்ள ஸ்கூல் இருக்கணும்னு எழுதியிருக்கு. பிள்ளை நடந்து வரும்னுதானே அந்தக் கணக்கு. அந்த மூணு கிலோமீட்டர் எப்படி இருக்குன்னு யாராவது டேப்பு எடுத்து அளந்தாங்களா?

யார் கிட்ட கேக்குறதுங்குறது பெரிய குழப்பம்தான், எனக்கும் ரொம்ப நாளு தெரியாது. தெருவிளக்கும் ஊருக்குள்ள இருக்குற வழியும் பஞ்சாயத்து, கொஞ்சம் பெரிய ரோடு யூனியன், பஸ் போற பெரிய ரோடு அநேகமா நெடுஞ்சாலைத் துறை, சானல் கரை நீர்வளத் துறை. ஒரு பிள்ளை வீட்டுல இருந்து ஸ்கூலுக்கு வர்றதுக்குள்ள நாலு ஆபீசைத் தாண்டிருது. அதனால நாங்க ஒரே மனுவை நாலு காப்பி எடுத்தோம், கோலப்பொடி வட்டத்தை எல்லாம் செல்போன்ல படம் பிடிச்சு ஒட்டினோம். டாரஸ் லாரியை ஸ்கூல் நேரத்துல மட்டும் நிறுத்தி வைக்கக் கேட்டு கலெக்டர் ஆபீசுக்கு ஒரு மனு தனியா. எல்லாம் நடந்துருச்சுன்னு சொல்ல மாட்டேன். விளக்கு வந்துருச்சு, பெர்ம் பாதி தூரம் போட்டிருக்காங்க, கண்ணாடி இன்னும் வரல.

நவம்பர் 1 கிராம சபை இருக்கு. அது நம்ம மாவட்டம் 1956ல தமிழ்நாட்டோட சேர்ந்த நாளும் கூட, வழக்கமா நமக்கு உள்ளூர் லீவு விடுவாங்க. மத்த ஜில்லாவுல அன்னைக்குப் பிள்ளைங்க கிளாஸ்ல இருக்கும், நம்ம பிள்ளைங்க சபைக்கு வரலாம். கூட்டிட்டு வாங்க. தீர்மானம் போட வயசு இல்லதான், ஆனா இஞ்சதான் எனக்குப் பயம்னு எந்திரிச்சு சொல்றதுக்கு எந்த வயசும் வேண்டாம். மார்ச் 22 சபையில சானல் கரையை விட்டுராதீங்க, தண்ணி அடைச்சிருக்குற நேரம் அது.

கண்ணாடிக்கு வெளிய இருந்து சார் கை காட்டுறாரு, நேரம் ஆச்சு போல. எங்க ஊர்க்காரங்க யாராவது கேட்டுக்கிட்டு இருந்தா, வர்ற திங்கக்கிழமை காலைல எட்டேகாலுக்கு கலுங்கு பக்கத்துல நிப்போம், மழைக்கு அப்புறம் வட்டம் எல்லாம் அழிஞ்சிருக்கும், பிள்ளைங்களோட இன்னொரு தடவை நடக்கப் போறோம். கோலப்பொடி நான் வாங்கி வச்சிருக்கேன்.