மைனஸ் எல்எம் எங்கே நிற்க வேண்டும்?

[திரையில்: விடியற்காலை, செம்பனைத் தோட்டத்து மண் சாலை. பிறகு மடிக்கணினி.]

வணக்கம், சுங்கை சிப்புட்டிலிருந்து பேசுகிறேன். பாலிடெக்னிக்கில் படிக்கும் எங்கள் லயத்துத் தம்பி ஒருவன் போன வாரம் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வந்தான். சி மொழியில் எழுதிய கூட்டுவட்டிக் கணக்கு. "அண்ணே, நேத்து ஓடுச்சு, இன்னிக்கு ஓட மாட்டேங்குது."

[திரையில்: அன்டிஃபைன்ட் ரெஃபரன்ஸ் டு பவ்]

இந்த வரியைப் பார்த்ததும் நிரலைத் திருத்தப் போகாதீர்கள். நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலர் தன் வேலையை முடித்துவிட்டது. முரண்டு பிடிப்பது அடுத்து வந்து துண்டுகளை ஒன்றாக இணைக்கிற லிங்கர். அடுக்குக் கணக்குப் போடும் செயல்கூறுதான் பவ். பவ் என்று ஒருவரைக் கூப்பிட்டிருக்கிறீர்களே, ஆள் எங்கே என்று லிங்கர் கேட்கிறது. லினக்ஸில் அந்த ஆள் இருப்பது கணித லைப்ரரியில், அதாவது ஆயத்தமான கணிதச் செயல்கூறுகளின் தொகுப்பில். அதைச் சேர்க்கத்தான் மைனஸ் எல்எம்.

சரி, நேற்று ஏன் ஓடியது? நேற்று அவன் பவ்வுக்குக் கொடுத்தது 2, 3 என்ற நேரடி எண்கள். ஜிசிசி என்ற கம்பைலர் தானே கணக்குப் போட்டு 8 என்று வைத்துவிடும், லைப்ரரியே வேண்டாம். இன்றைக்கு வட்டி விகிதத்தைப் பயனர் தட்டுகிறார். அதனால் உண்மையான பவ் தேவைப்பட்டுவிட்டது.

"மைனஸ் எல்எம் போட்டிருக்கேனே அண்ணே!" போட்டிருந்தான்தான், மேக்ஃபைலில் (நிரலை உருவாக்கும் மேக் கருவிக்கான குறிப்புக் கோப்பு), லிங்கருக்கான விருப்பங்களை எழுதும் எல்டிஃப்ளாக்ஸ் வரியில். மேக் மைனஸ் என் என்று தட்டினால் எதையும் ஓட்டாமல் கட்டளையை மட்டும் காட்டும்.

[திரையில்: சிசி, மைனஸ் எல்எம், வட்டி டாட் சி, மைனஸ் ஓ, வட்டி]

இதைக் காலைப் பெரட்டு, அதாவது தோட்டத்தில் ஆள் கணக்கெடுக்கும் வரிசை மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். லிங்கர்தான் கிராணி, அதாவது தோட்டத்துக் கணக்குப்பிள்ளை; வரிசையை இடமிருந்து வலமாகப் பார்க்கிறார். முதலில் கணித லோரி வந்து நிற்கிறது. ஆள் வேண்டும் என்று அதுவரை யாரும் கேட்கவில்லை, கிராணி லோரியைத் திருப்பி அனுப்பிவிடுகிறார். அப்புறம் வட்டி டாட் சி வந்து, "பவ் வேண்டும்" என்கிறது. லோரி ஏற்கெனவே சாலை ஏறிவிட்டது.

மேக்கின் உள்விதி எல்டிஃப்ளாக்ஸைக் கோப்புகளுக்கு முன்னாலும், லைப்ரரிகளுக்கான எல்டிலிப்ஸைக் கடைசியிலும் வைக்கும். ஆகவே மைனஸ் எல்எம்மை எல்டிலிப்ஸுக்கு மாற்றினால் போதும். ஒரே ஒரு வரி.

கூடப் படிக்கிற பையனின் டெபியனில் பழைய மேக்ஃபைலே ஓடுகிறதாம். ஓடும். நம் தம்பியிடம் இருப்பது உபுண்டு; அதில் 11.10 பதிப்பு முதல் 'ஆஸ் நீடட்' என்ற கண்டிப்பு இயல்பாகவே இருக்கிறது, டெபியனில் அப்படி இல்லை. அதுவரை யாரும் கேட்காத பகிர்வு லைப்ரரியை (நிரல் ஓடும்போது இணைவது) அது விட்டுவிடும். டாட் ஏ என்று முடியும் நிலை லைப்ரரி (நிரலுக்குள்ளேயே சேர்ந்துவிடுவது) என்றால், டெபியனிலும் இந்த வரிசைச் சிக்கல் வரும்.

மேக் மாதிரியே நிரலை உருவாக்க உதவும் சிமேக் வைத்திருப்பவர்களும் இதே பள்ளத்தில் விழுகிறார்கள். லிங்கர் ஃப்ளாக்ஸ் மாறியில் லைப்ரரியைத் திணித்தால் அது கோப்புகளுக்கு முன்னால் போய் நிற்கும். டார்கெட் லிங்க் லைப்ரரீஸில் எழுதினால் சிமேக்கே பின்னால் வைக்கும். இரண்டு டாட் ஏ கோப்புகள் ஒன்றையொன்று தேடினால், ஸ்டார்ட் குரூப், எண்ட் குரூப் என்ற லிங்கர் விருப்பங்களுக்கு நடுவே இரண்டையும் போடுங்கள். கிராணி திரும்பத் திரும்பப் பார்ப்பார், கொஞ்சம் நேரம் பிடிக்கும்.

[திரையில்: நிரல் ஓடுகிறது. தொகை பல கோடி வெள்ளி.]

தம்பி 4 சதவீதத்தை 0.04 ஆக்காமல் 4 என்றே போட்டிருந்தான். அது கிராணி பார்க்கிற கணக்கில்லை.