பக்கத்தில் இன்னொரு கோப்பை

நேயர்களுக்கு வணக்கம்.

உலகத்துக்கெல்லாம் நல்ல தேயிலையை அனுப்பிவிட்டு, மிஞ்சிய தூளில் பால்மாவைக் கரைத்துக் குடிக்கிற ஊர் ஒன்று உண்டென்றால் அது நம் இலங்கை மலையகம்தான். இதைக் கோபத்தில் சொல்லவில்லை. கொஞ்சம் கோபமும் உண்டு, அதற்குப் பிறகு வருகிறேன். கொட்டகலைப் பக்கம் நண்பர்கள் சிலர் ஞாயிற்றுக்கிழமைகளில் கூடித் தேநீரைச் சுவைத்துப் பார்க்கிறோம் என்ற செய்தி எப்படியோ வானொலிக்காரர்கள் காதுக்கு எட்டியிருக்கிறது. "சங்கம் வைத்திருக்கிறீர்களா?" என்று தொலைபேசியில் கேட்டார்கள். சங்கம் இல்லை. தலைவர் இல்லை, பொருளாளர் இல்லை, சந்தா இல்லை. அதனால்தான் இன்னும் உடையாமல் இருக்கிறது.

நான் விஞ்ஞானம் படிப்பித்து ஓய்வுபெற்றவன். எங்களில் மூத்தவர் தோட்டத்து ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், தூள் தயாரிப்பைப் பார்க்கும் டீமேக்கராகக் காலமெல்லாம் இருந்தவர். எல்லோருக்கும் அவர் டீமேக்கர் ஐயா. கொழுந்தெடுத்தே மூன்று பிள்ளைகளைக் கரையேற்றிய அக்கா ஒருவர் இருக்கிறார். பிறகு எங்கள் தம்பி. டுபாயில் ஹோட்டல் வேலை பார்த்து, கொரோனாக் காலத்தில் ஊர் திரும்பியவர். இது தொடங்கியதற்குக் காரணம் இந்தத் தம்பி பாதி, பால்மா பாதி.

2022 நினைவிருக்கிறதல்லவா? பெற்றோலுக்கு வரிசை, எரிவாயுவுக்கு வரிசை, பால்மாவுக்கு வரிசை. வரிசையில் நின்று அலுத்துப்போன பலர் அந்த ஆண்டுதான் வெறும் தேநீருக்குத் திரும்பினோம். உள்ளங்கையில் சீனியை வைத்து நக்கிக்கொண்டு ஒரு மிடறு, மறுபடி ஒரு நக்கு, ஒரு மிடறு. நம் பாட்டிமார் அப்படித்தான் குடித்தார்கள். பால் போனதும் தூளின் முகம் தெரிந்துவிட்டது. அந்த முகம் அவ்வளவு அழகாக இல்லை என்பதும் தெரிந்தது. அதைப் பற்றி ஒருநாள் புலம்பிக்கொண்டிருந்தபோது தம்பி சொன்னார்: "சேர், ஹோட்டலில் வைனுக்கு இப்படிக் குறை கண்டுபிடிக்க எங்களுக்கு வகுப்பே வைத்தார்கள்."

அன்று ஆரம்பித்த வகுப்பு இன்னும் முடியவில்லை. வைன் என்றால் கிளாஸை முதலில் வெளிச்சத்துக்குப் பிடித்து நிறம் பார்க்க வேண்டுமாம். பிறகு சுழற்றி முகர்வது. வாய்க்கு வேலை கடைசியில்தான். விஸ்கி என்றால் மூக்கைக் கிளாஸுக்குள் திணிக்கக் கூடாது. மதுசாரத்தின் காரம் மூக்கை மரக்கச் செய்துவிடும். சில சொட்டுத் தண்ணீர் விட்டால் அடங்கிக் கிடந்த வாசனை எழும்பி வரும். ஸ்கொட்லாந்து விஸ்கி என்று பெயர் போட வேண்டுமானால் ஓக் மரப் பீப்பாயில் குறைந்தது 3 ஆண்டு கிடந்திருக்க வேண்டும். அங்கே சில இடங்களில் சதுப்பு நிலத்தில் வெட்டியெடுத்த பீட் கட்டியை எரித்து, அந்தப் புகையில் முளைவிட்ட பார்லியை உலர்த்துகிறார்கள். அந்த விஸ்கியில் புகை மணக்கும். இதைக் கேட்டதும் டீமேக்கர் ஐயாவுக்குப் பொறுக்கவில்லை. "எங்கள் ஸ்டோரில் அடுப்புப் புகை தூளில் ஏறினால் துரை எங்களைத் தொலைத்துவிடுவார். அங்கே அதற்குக் காசு கொடுத்து வாங்குகிறார்களா?"

ஒரு போத்தல் கொண்டுவரட்டுமா என்றும் தம்பி கேட்டார். அக்கா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்துவிட்டார். சம்பள நாள் இரவில் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் குடியால் என்ன நடக்கும் என்பதை இந்த உரையைக் கேட்கிறவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஆகவே விஸ்கிக்காரர்களின் முறையை எடுத்துக்கொண்டோம், போத்தலை விட்டுவிட்டோம். இதில் நட்டம் ஒன்றுமில்லை. விஸ்கி நாட்டிலிருந்து வந்த ஜேம்ஸ் டெய்லர்தானே 1867இல் லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் இந்நாட்டின் முதல் வணிகத் தேயிலையை நட்டார்? பங்களா விறாந்தைதான் அவருடைய முதல் ஸ்டோர். கொழுந்தை அங்கே மேசையில் கையாலேயே உருட்டி, கரி அடுப்பில் வாட்டியிருக்கிறார்கள். அந்த நாட்டோடு நமக்குப் பழைய கணக்கு உண்டு.

வைனுக்கும் தேநீருக்கும் உண்மையிலேயே உறவு உண்டு. சிவப்பு வைன் நாக்கை இழுத்துப் பிடிக்கும் என்கிறார்கள். வெறும் தேநீரும் பிடிக்கிறது. இரண்டிலும் இருப்பது பொலிபீனோல் என்ற வகைப் பொருள். எச்சிலில் உள்ள புரதத்தோடு அது ஒட்டிக்கொள்வதால் வாய் வறண்டதுபோல ஆகிறது. பாலை ஊற்றினால் பாலின் புரதம் முந்திக்கொள்கிறது, பிடிப்பு அடங்கிவிடுகிறது. பால் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எனக்கும் காலையில் பால் தேநீர்தான். ஆனால் தூளின் குணம் அறிய வேண்டுமென்றால் பாலும் சீனியும் கொஞ்ச நேரம் வெளியே நிற்க வேண்டும்.

இப்போது முக்கியமான விஷயம். ஒரு கோப்பையை மட்டும் வைத்துக் குடித்தால் அது ஒன்றும் சொல்லாது. நன்றாயிருக்கிறது என்பீர்கள், அல்லது நன்றாயில்லை என்பீர்கள், அவ்வளவுதான். பக்கத்தில் இன்னொரு கோப்பை வேண்டும். இரண்டையும் மாறி மாறிக் குடித்தால் உங்களை அறியாமல் வாய் பேச ஆரம்பித்துவிடும். இது கொஞ்சம் கனம், அது இலேசு. இது தொண்டையில் நிற்கிறது, அது நாக்கு நுனியோடு போய்விட்டது. இதற்குத் தனித் திறமை வேண்டாம், இரண்டாவது கோப்பை வேண்டும். அந்தப் பக்கத்துக் கதிரையில் ஓர் ஆளும் வேண்டும், சொல்வதற்கும் மறுப்பதற்கும்.

லண்டனிலிருந்து உறவினர் ஒருவர் எனக்கு ஒரு தேயிலைப் பெட்டி கொண்டுவந்து கொடுத்தார். தங்க எழுத்து, யானைப் படம், உள்ளே இலங்கைத் தேயிலை. இங்கிருந்து லண்டனுக்குப் போய் மறுபடி ஊர் திரும்பிய தேயிலை என்று வைத்துக்கொள்ளுங்கள். டீமேக்கர் ஐயா தனக்குத் தெரிந்த ஸ்டோரில் வாங்கிய, நம் திம்புளைப் பகுதித் தேயிலை கொண்டுவந்தார், பெப்ரவரியில் ஆட்டியது. மூன்றாவது, சந்திக் கடையில் நிறுத்து வாங்கிய தூள். வைன் பரீட்சையில் போத்தலுக்குத் துணி சுற்றி மறைப்பார்கள் என்று தம்பி சொன்னதால், கோப்பைகளின் அடியில் சோக்கால் எண் போட்டோம். ஊற்றியவர் என் மனைவி. அவர் மட்டும் வாயைத் திறக்கக் கூடாது என்று ஏற்பாடு. எங்கள் வீட்டில் அப்படி ஓர் ஏற்பாடு அதற்கு முன் நடந்ததில்லை.

ஐயா கோப்பையை எடுக்கவேயில்லை. முதலில் வடித்த இலைச் சக்கையைக் கையில் பிழிந்து முகர்ந்தார். புதிய செப்புக்காசு நிறத்தில் இருந்த சக்கையைத் தனியாக ஒதுக்கி வைத்தார். பிறகு கரண்டியில் எடுத்து ஓர் உறிஞ்சு உறிஞ்சினார் பாருங்கள், அடுத்த அறையில் படித்துக்கொண்டிருந்த பிள்ளை ஓடி வந்துவிட்டது. அந்தச் சத்தத்தை ஒலிவாங்கிக்குப் பக்கத்தில் செய்து காட்டலாம் என்றிருந்தேன், தயாரிப்பாளர் வேண்டாமென்று கைகூப்புகிறார். அது மரியாதைக் குறைவு இல்லை. காற்றோடு சேர்த்து உறிஞ்சும்போது வாசனை தொண்டை வழியாக மூக்கின் பின்பக்கம் ஏறுகிறது. ருசி என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி மூக்கின் வேலை. தடிமன் பிடித்த நாளில் கருவாட்டுக் குழம்பும் ருசிப்பதில்லை அல்லவா? அதுதான்.

"முதலாம் எண் நல்ல சாமான், ஆனால் பெட்டிக்குள்ளேயே கிழடாகிவிட்டது" என்றார் ஐயா. அது லண்டன். இரண்டாம் எண்ணுக்கு அவர் ஒன்றும் சொல்லவில்லை, மறுபடியும் உறிஞ்சினார். அது பெப்ரவரித் திம்புளை. மூன்றாவதை அக்கா எடுத்தார். ஒரு வாய்தான். "மாஸ்டர், இது கரட்டு இலை. நாங்கள் இப்படி எடுத்துக்கொண்டு போயிருந்தால் கணக்கப்பிள்ளை தராசிலேயே கழித்திருப்பார்."

சந்திக் கடைத் தூள்! இரண்டு இலையும் மொட்டுமாக எடுத்த இளம் கொழுந்தில் சாயமும் சுவையும் கூடி நிற்கும். முற்றிய இலையில் சப்பென்று போகும். இதை நான் புத்தகத்தில் படித்தவன். அக்கா விரல் நுனியில் படித்தவர், அன்று நாக்கிலும் படித்துவிட்டார். அக்காவின் பேரன் மட்டும் கடைத் தூளுக்குத்தான் வாக்களித்தான். "இதுதான் டீ மாதிரி இருக்கிறது" என்றான். அவனைக் குறை சொல்ல மாட்டேன். வளர்ந்த வீட்டு ருசிதான் எந்த நாக்குக்கும் முதல் அளவுகோல்.

முன்பு சொன்ன கோபம் இங்கேதான். 1883இல் தொடங்கிய கொழும்பு ஏலம் இன்றும் நடக்கிறது. விற்பனைக்கு வரும் ஒவ்வொரு தேயிலையையும் அங்கே வரிசையாக ஊற்றிவைத்து, சுவைத்துத் துப்பி, ஒருவர் மதிப்புச் சொல்கிறார். அவர் நாக்கு சொன்னது விலையாக வருகிறது. கொழுந்தெடுத்த கைக்கு அந்தச் சொல் திரும்பி வருவதில்லை. அத்தனை வருடம் எடுத்த தன் தோட்டத்துத் தேயிலையை அக்கா பாலில்லாமல், நல்ல தரத்தில், உட்கார்ந்து குடித்தது எங்கள் வீட்டு விறாந்தையில்தான். சரி, அதை விடுகிறேன், விட்டால் இதிலேயே நேரம் போய்விடும்.

தண்ணீருக்கு வருகிறேன். என்னைத் தெரிந்தவர்கள் இப்போது சிரிப்பார்கள், தண்ணீரைப் பற்றி நான் பேசாத இடமில்லை. கொழும்பில் தண்ணீர் 100 பாகையில் கொதிக்கிறது. நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே 94 பாகை அளவிலேயே கொதித்துவிடும். மேலே போகப் போகக் காற்றழுத்தம் குறைகிறது, அதனால். எவ்வளவு விறகு வைத்தாலும் அதற்கு மேல் ஏறாது. ஆகவே மலையில் இருக்கிற நமக்கு ஏற்கெனவே சில பாகை நட்டம். அந்த நட்டத்தோடு, அந்தத் தண்ணீரைச் சுடுதண்ணீர்ப் போத்தலில் ஊற்றி, கூட்டம் தொடங்கும் வரை வைத்து, பிரமுகர் வரும் வரை வைத்து, அவர் பேசி முடிக்கும் வரை வைத்து, பிறகு தூளின் தலையில் ஊற்றினால் என்ன வரும்? நிறம் வரும். வேறொன்றும் வராது. நான் போன கூட்டங்களிலெல்லாம் இதே கதைதான். தேயிலை நாட்டில், தேயிலை மலை நடுவில், தேயிலையைப் பற்றியே கூடிய கூட்டத்திலும் இதே கதைதான்!

புதிதாகப் பிடித்த தண்ணீர். கேத்தல் குமுறிக் கொதிக்கும்போதே ஊற்ற வேண்டும். ஊற்றும் பாத்திரத்தை முதலில் சுடுதண்ணீரால் அலசிச் சூடாக்கிக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் குளிர்ந்த பாத்திரம் இன்னும் சில பாகையை விழுங்கிவிடும். பிறகு மூடி வைக்க வேண்டும். சுவைத்துப் பார்ப்பதற்கென்றே ஒரு சர்வதேசத் தரம் இருக்கிறது: 100 மில்லிலீற்றருக்கு 2 கிராம் தூள், 6 நிமிடம். வீட்டில் குடிக்க அது கடுப்பம்தான். ஆனால் குறையைக் கண்டுபிடிக்கக் கடுப்பமாகத்தான் ஊற்ற வேண்டும். எல்லாக் கோப்பைக்கும் ஒரே அளவு, ஒரே நேரம். திரும்பவும் சொல்கிறேன், குமுறிக் கொதிக்கும் தண்ணீர்.

பருவமும் பார்க்க வேண்டும். நம் பக்கம், திம்புளையில், ஜனவரியிலிருந்து மார்ச் வரை வறண்ட குளிரில் வருவது நல்லது. ஊவாவுக்கு ஜூலை முதல் செப்டெம்பர் வரை. தென்மேற்குப் பருவக்காற்று மழையை நம் தலையில் கொட்டிவிட்டு, மலையைத் தாண்டும்போது காய்ந்த காற்றாகப் பதுளை, பண்டாரவளைப் பக்கம் இறங்குகிறது. அந்தக் காற்றில் கொழுந்து மெதுவாக வளர்கிறது, வாசனை கூடுகிறது. அந்தப் பருவத்து ஊவாத் தேயிலை கிடைத்தால் கண்ணை மூடி முகர்ந்து பாருங்கள். இலேசாகத் தைல வாசனை அடிக்கும். பிரமை இல்லை. மூட்டு வலிக்குத் தேய்க்கும் தைலத்தில் உள்ள மெதைல் சலிசிலேற் என்ற பொருளே அந்த இலையிலும் உண்டாகிறது. எங்கள் தம்பி ஒரு சொட்டு நாக்கில் பட்டதும், "சேர், முழங்காலில் தடவிக்கொள்ளலாமா?" என்று கேட்டார்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு விரல் காட்டுகிறார்கள். ஒரு நிமிடம். தர வகைகளைப் பற்றி விரிவாகப் பேச வைத்திருந்தேன், வேகமாகச் சொல்லிவிடுகிறேன். பி.ஓ.பி., பி.ஓ.பி.எவ்., டஸ்ட் என்பதெல்லாம் இலைத்துண்டின் அளவு, மதிப்பெண் இல்லை. பொடியானது சீக்கிரம் கடுப்பமாக இறங்கும். ஆகவே ஒப்பிடும்போது ஒரே தரத்தோடு ஒரே தரத்தை ஒப்பிடுங்கள், டஸ்ட்டைப் பி.ஓ.பி.யோடு மல்லுக்கு விடாதீர்கள். வாங்கும்போது இரண்டு இடத்துத் தேயிலை, ஐம்பது ஐம்பது கிராம் போதும். காற்றுப் புகாத டின், ஈரமில்லாத இடம். அடுப்புக்கு மேல் தட்டில் வைக்க வேண்டாம், ஆவி ஏறிவிடும். தேயிலை பக்கத்தில் இருப்பதன் வாசனையைச் சட்டென்று பிடித்துக்கொள்ளும், அதனால் கறித்தூள், சவர்க்காரம், கருவாடு இவற்றோடு ஒரே அலுமாரியில் அடைக்காதீர்கள். பால்மா டின்னில் போடுகிறவர்கள் அதை நன்றாகக் கழுவிக் காயவைத்துவிட்டுப் போடுங்கள். வணக்கம்.