மூச்சை முதலில் விடுங்கள்

வணக்கம் நேயர்களே. இன்றைக்கு மீட்டிங்கில் பேச வேண்டும், காலையிலிருந்தே வயிற்றைப் பிசைகிறது என்று யாராவது கேட்டுக்கொண்டிருந்தால், இந்தப் பேச்சு உங்களுக்குத்தான்.

பல வருடம் நான் பட்டர்வொர்த்தில் ஃபெரி ஏறி, பினாங்குத் தீவின் ஜார்ஜ்டவுன் பீச் ஸ்திரீட்டில் ஓர் அலுவலகத்துக்கு வேலைக்குப் போய்வந்தேன். ஒருநாள் மேனேஜர்கள் எல்லாருக்கும் முன்னால் மாதக் கணக்கைச் சொல்ல வேண்டியிருந்தது. இரண்டாவது ஸ்லைடிலேயே நெஞ்சு படபடவென்று அடித்தது. விரல் நுனி மரத்தது. உதட்டைச் சுற்றி எறும்பு ஊர்வதுபோல இருந்தது. மாரடைப்புதான் என்று வெளியே ஓடிவிட்டேன். மருத்துவமனையில் ஈசிஜி எடுத்தார்கள், இதயத்தில் ஒன்றுமில்லை. முதல் தடவை இப்படி வந்தால் நீங்களும் டாக்டரிடம் காட்டிவிடுங்கள், நாமாக முடிவு கட்டக்கூடாது.

அப்புறம்தான் புரிந்தது, அது பீதித் தாக்குதல், அதாவது பேனிக் அட்டாக். பயத்தில் வேகவேகமாக மூச்சு வாங்கும்போது கரியமில வாயு தேவைக்கு மேல் வெளியேறிவிடுகிறது. விரல் மரப்பதும் தலை சுற்றுவதும் அதனால்தான். காற்றுப் போதவில்லை என்று தோன்றும், ஆனால் போதுமான காற்று உள்ளே இருக்கும். பக்கத்தில் இருப்பவர் நல்ல மனதோடு "மூச்சை நல்லா இழுங்க அக்கா" என்பார். வேண்டாம். முதலில் விடுங்கள். பிறகு மூக்கால் மெதுவாக நாலு எண்ணும்வரை இழுத்து, ஆறு எண்ணும்வரை விடுங்கள். நான் தினமும் ஃபெரியில் நின்றபடி, அக்கரை சேரும்வரை இதைப் பழகினேன். பயம் வராத நாளில் பழகியதுதான் வந்த நாளில் கைகொடுத்தது. மறுபடியும் சொல்கிறேன், விடுகிற மூச்சு நீளமாக இருக்கட்டும்.

இந்தப் பீதி பெரும்பாலும் 10 நிமிடத்துக்குள் உச்சிக்குப் போய், பிறகு தணிந்துவிடும். எம்சி, அதாவது மருத்துவ விடுப்பு, எடுத்துக்கொண்டு வீட்டில் இருந்துவிட்டால், அது தணிவதை நாம் பார்ப்பதே இல்லை. அடுத்த மீட்டிங் இன்னும் பெரிதாகத் தெரியும். நான் மூன்று மீட்டிங்கை அப்படி விட்டேன். நாலாவதில், ஒரே ஒரு ஸ்லைடு மட்டும் பேசுகிறேன் என்று பாஸிடம் கேட்டு வாங்கினேன். முதல் இரண்டு வாக்கியத்தை மலாயில் மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். கை நடுங்கியது, ஆனால் பேசி முடித்தேன். அடுத்த மாதம் இரண்டு ஸ்லைடு.

சரி, நேரமாகிவிட்டது என்று ஸ்டூடியோ கண்ணாடிக்குப் பின்னாலிருந்து கை காட்டுகிறார்கள். பேசுகிற நாளில் கோப்பி-ஓவை, அதான் பால் சேர்க்காத காப்பியை, குறையுங்கள். நண்பர் கொடுத்தார் என்று படபடப்பைக் குறைக்கும் புரோப்ரனலால் மாத்திரையை விழுங்காதீர்கள், ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அது ஆபத்து. அடிக்கடி வந்தால் அரசாங்க கிளினிக்கில் சொல்லுங்கள். மலேசிய சுகாதார அமைச்சின் மனநல உதவித் தொலைபேசியான ஹீல் எண் 15555. வணக்கம்.