எதால் வகுக்கிறோம்?

நேயர்களுக்கு வணக்கம்.

புற்றுநோய்களில் 30 முதல் 50 சதவீதம் வரை வராமலே தடுக்கக்கூடியவை என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. புகையிலையை விடுவது, தடுப்பூசி, உரிய வயதில் பரிசோதனை என்று வழிகளும் தெரிந்தவைதான். ஆனால் அவை எல்லோரையும் ஒரே அளவில் எட்டவில்லை. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயால் 2022இல் ஏறத்தாழ 3,50,000 பெண்கள் இறந்தார்கள். அவர்களில் 94 சதவீதம் பேர் குறைந்த, நடுத்தர வருமான நாடுகளில் வாழ்ந்தவர்கள்.

இந்த இடைவெளியைக் குறைக்கவென்றே பல ஆய்வுத் திட்டங்கள் நடக்கின்றன. தனித்தனியாக நடத்தாமல் சேர்ந்து செய்யுங்கள் என்று நிதி கொடுப்பவர்களும் இப்போது வலியுறுத்துகிறார்கள். உடனே ஒரு கூட்டுச் சின்னம், ஒரு செய்திமடல், ஆண்டுக்கு ஒரு சந்திப்பு என்று வேலை தொடங்கிவிடுகிறது. அதனால் கெடுதல் ஒன்றுமில்லை, பயனும் அதிகமில்லை. இரண்டு திட்டங்களின் எண்களை ஒன்றாகக் கூட்ட முடிகிறதா? அதை வைத்துத்தான் ஒத்துழைப்பை எடைபோட வேண்டும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு பகுதியில் பரிசோதனைக்கு உரிய வயதில் 1,000 பெண்கள் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். பதிவேட்டில் பெயர் இருப்பது 800 பேருக்கு. அந்த 800 பேருக்கும் அழைப்புக் கடிதம் போகிறது. முகவரி தவறி 80 கடிதங்கள் திரும்பி வருகின்றன. கடைசியில் 400 பேர் பரிசோதனை செய்துகொள்கிறார்கள். கடிதம் கிடைத்த 720 பேரால் வகுக்கும் திட்டம், 56 சதவீதம் பேர் வந்தார்கள் என்று எழுதும். 800ஆல் வகுத்தால் 50 சதவீதம். 1,000ஆல் வகுத்தால் 40 தான். மூன்றிலும் கணக்குப் பிழை இல்லை. ஆனால் முதல் திட்டத்தின் அறிக்கையில் 280 பெண்கள் இல்லவே இல்லை. அடிக்கடி வீடு மாறுகிறவர்கள், வேலை தேடி இடம்பெயர்ந்தவர்கள், நிலையான முகவரி இல்லாதவர்கள்தான் இப்படி விடுபடுவார்கள். சமத்துவத்தைப் பற்றிய ஆய்வு அவர்களையே கணக்கில் விட்டுவிட்டால் மிச்சம் என்ன இருக்கிறது? மூன்று எண்களையும் எல்லாத் திட்டங்களும் வெளியிட வேண்டும் என்பதை முதல் உடன்பாடாக வைத்துக்கொள்ளலாம்.

அடுத்தது கேள்விகள். வயதை ஒரு திட்டம் 25–34 என்றும் இன்னொன்று 30–39 என்றும் பிரித்துக் கேட்டால், பிறகு இரண்டையும் சேர்க்கவே முடியாது. பிறந்த ஆண்டைக் கேட்டு எழுதிக்கொண்டால் எப்படி வேண்டுமானாலும் பிரிக்கலாம். கல்வியை முடித்த வகுப்பாகக் கேளுங்கள். பின்னர் யுனெஸ்கோவின் சர்வதேசக் கல்வி வகைப்பாட்டில் (ISCED) உள்ள 0 முதல் 8 வரையிலான நிலைகளில் பொருத்தலாம். குடும்ப வருமானத்தோடு, அதில் எத்தனை பேர் வாழ்கிறார்கள் என்பதும் வேண்டும். மாற்றுத்திறனை அறிய, அதைப் பற்றிய புள்ளிவிவரங்களுக்காக ஐ.நா. அமைத்த வாஷிங்டன் குழுவின் ஆறு கேள்விகள் இருக்கின்றன; பார்ப்பதில் சிரமம் உண்டா என்பது அவற்றில் ஒன்று. ஒரு திட்டத்தில் பார்வைக் குறைபாடுள்ளவர்கள் 40 பேர்தான் கிடைப்பார்கள் என்றால், அதை வைத்து எதுவும் சொல்ல முடியாது. ஐந்து திட்டங்கள் சேர்ந்தால் 200 பேர். ஆனால் ஐந்தும் ஒரே கேள்வியைக் கேட்டிருக்க வேண்டும்.

ஆய்வக முடிவுகளிலும் இதே சிக்கல்தான். பெருங்குடல் புற்றுநோய்க்கான மலப் பரிசோதனையில், ஒரு கிராம் மலத்தில் எத்தனை மைக்ரோகிராம் ஹீமோகுளோபின் (இரத்தத்தில் உள்ள புரதம்) இருந்தால் அடுத்த கட்டத்துக்கு அனுப்புவது என்பது நாட்டுக்கு நாடு மாறும். நெதர்லாந்து 2014இல் 15இல் தொடங்கியது. எதிர்பார்த்ததைவிட அதிகம் பேருக்கு 'பாசிட்டிவ்' வந்து, கொலோனோஸ்கோபிக்கு, அதாவது குழாய் வழியே கேமராவைச் செலுத்திப் பெருங்குடலைப் பார்க்கும் பரிசோதனைக்கு, கூட்டம் தாங்காமல் போகவே, வரம்பை 47ஆக உயர்த்தியது. ஸ்காட்லாந்தில் 80. இந்த இரண்டு நாட்டின் 'பாசிட்டிவ்' விகிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து என்ன ஒப்பிடுவது? ஆம், இல்லை என்று மட்டும் குறிக்காமல், கருவி காட்டிய எண்ணை அலகோடு சேமித்தால் பிறகு எந்த வரம்பிலும் கணக்கிடலாம். இதற்குக் கூடுதல் செலவே கிடையாது. ஆனாலும் பல இடங்களில் அந்த எண்ணைத் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள் என்பதுதான் எரிச்சல்.

ஒப்புதல் படிவத்துக்கு வருவோம். அதில் "இந்த ஆய்வுக்கு மட்டும்" என்று எழுதிவிட்டால், தரவு அங்கேயே பூட்டப்பட்டுவிடும். மறுபடி தேடிப் போய்க் கையெழுத்து வாங்கலாமே என்று தோன்றும். அப்போதும் கிடைக்காமல் போகிறவர்கள், முன்பு முகவரி மாறிப் போன அதே மக்கள்தான். ஆகவே, புற்றுநோய்த் தடுப்பு பற்றிய பிற ஆய்வுகளுக்கும் தரச் சம்மதமா என்று ஒரு தனிக் கட்டம் வேண்டும். நெறிமுறைக் குழுவுக்கு விண்ணப்பிக்கும் முன்பே அதைச் சேர்த்துவிட வேண்டும். சம்மதிக்காதவரும் மூல ஆய்வில் தொடரலாம் என்பதைப் படிவத்திலேயே எழுதுங்கள்.

தரவை நாட்டுக்கு வெளியே அனுப்பச் சட்டம் இடம் தராவிட்டாலும் வழி இருக்கிறது. தரவு இருந்த இடத்திலேயே இருக்கும்; கணக்கிடும் நிரல் ஒவ்வொரு மையத்துக்கும் போய், கூட்டுத்தொகையை மட்டும் கொண்டு வரும். முடிவு அட்டவணையின் ஒரு கட்டத்தில் மிகச் சிலரே இருந்தால், ஆள் அடையாளம் தெரிந்துவிடாதபடி அந்த எண்ணை மறைப்பார்கள். இந்த முறை கெட்டுப்போவது பெரிய காரணங்களால் அல்ல. புகைப்பழக்கம் பற்றிய கேள்விக்கு ஒரு மையத்தில் 9 என்றால் 'தெரியாது'. இன்னொன்றில் ஒரு நாளைக்கு ஒன்பது சிகரெட். நிரல் இரண்டையும் கூட்டி ஒரு சராசரி கொடுக்கும், எச்சரிக்கை எதுவும் தராது. அதனால் முதலில் பொய்த் தரவை வைத்து எல்லா மையங்களிலும் ஓட்டிப் பார்க்க வேண்டும்.

களப்பணியிலும் சேர்ந்து திட்டமிட வேண்டும். ஒரே குடியிருப்புக்கு மூன்று திட்டங்கள் மூன்று மாதத்தில் வந்து ஒரே கேள்விகளைக் கேட்டால், நான்காவது ஆளுக்குக் கதவு திறக்காது. அந்த நான்காவது ஆள் தடுப்பூசி போட வந்த செவிலியராகவும் இருக்கலாம். எந்தத் திட்டம் எந்த மாதம் எங்கே போகிறது என்று ஒரே நாட்காட்டி இருந்தால் போதும். ஆலோசனை சொல்ல வரும் அப்பகுதி மக்களுக்குப் போக்குவரத்துச் செலவும் மதிப்பூதியமும் எல்லாத் திட்டங்களிலும் ஒரே அளவில் இருக்கட்டும்.

இவ்வளவையும் யார் பார்ப்பது? ஒவ்வொரு திட்டத்தின் நிதிக் கணக்கிலும் தரவுப் பொறுப்பாளருக்கு ஒரு பாதிச் சம்பளமாவது முதலிலேயே ஒதுக்கப்பட வேண்டும். திட்டம் முடியும்போது தரவு அகராதி (ஒவ்வொரு குறியீட்டுக்கும் என்ன பொருள் என்ற பட்டியல்), வினாப்படிவங்கள், நிரல் மூன்றும் பதிப்பு எண்ணோடு பொதுக் களஞ்சியத்தில் இருக்க வேண்டும். அதைச் செய்து முடிப்பதற்குக் கடைசி ஆறு மாதம் தேவைப்படும். விண்ணப்பத்தின் கால அட்டவணையிலேயே அதற்கு இடம் விடுங்கள்.