ஓடும் வேனில் எரிவாயுக் குழாய்

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

வீட்டுச் சமையலறையில் எரிவாயு இணைப்பை ஒருமுறை பொருத்திவிட்டால் அது வைத்த இடத்திலேயே ஆண்டுக்கணக்கில் கிடக்கும். படுக்கை, அடுப்பு, குளிர்பெட்டி என்று ஒரு வீட்டையே உள்ளே அடக்கிய கேம்பர் வேனில் அதற்கு வழியில்லை. ஒவ்வொரு பள்ளத்திலும் வேகத்தடையிலும் குழாய் குலுங்குகிறது. எஞ்சினின் அதிர்வை மணிக்கணக்கில் வாங்குகிறது. வெயிலில் நீண்டு குளிரில் சுருங்குகிறது. ஆகவே பழைய வேனில் புரொப்பேன் எனும் எரிவாயு செல்லும் குழாய்களை மாற்ற முனைகிறவர், எந்தக் குழாயை வாங்கலாம் என்று யோசிப்பதற்கு முன், அது எங்கெங்கே இணைகிறது, எதன்மீது உரசுகிறது என்ற இரண்டையும் பார்த்தாக வேண்டும்.

புரொப்பேனின் குணத்தைச் சற்றுச் சொல்லிவிடுகிறேன். கழித்தல் 42 டிகிரி செல்சியஸிலேயே அது கொதித்து ஆவியாகிவிடும் என்பதால்தான் கடுங்குளிரில் பயணம் செய்வோர் பியூட்டேனை விட்டு இதை நாடுகிறார்கள். ஆவியான பின் இது காற்றைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு கனமானது. கசிந்தால் கீழே இறங்கித் தரையில் தேங்கும். காற்றில் நூற்றுக்கு இரண்டு பங்கைத் தாண்டினாலே தீப்பற்றும். சிலிண்டர் பெட்டியின் அடியில் வெளிப்புறமாகத் திறந்த துளை இருப்பது இதற்காகத்தான். குளிர்காற்று வருகிறது என்று அந்தத் துளையைத் துணி வைத்து அடைத்துவிடுகிறவர்களும் இருக்கிறார்கள்!

உரசலைப் பற்றி நான் எங்கே பேசினாலும் சொல்லும் நிகழ்ச்சி ஒன்று உண்டு. எனக்குத் தெரிந்த ஒருவர் வாங்கிய பழைய வேனில், காலையில் எழும்போதெல்லாம் கட்டிலருகே எரிவாயு வாடை அடித்தது. அடுப்பின் மீது சந்தேகப்பட்டு அதன் திருகுகளை மாற்றினார், பிறகு ரெகுலேட்டரை மாற்றினார், வாடை போகவில்லை. எல்லா இணைப்புகளிலும் சோதனைத் திரவத்தைத் தடவிப் பார்த்தோம். ஒரு குமிழிகூட எழவில்லை. பிறகு அழுத்தமானியைப் பொருத்தி, ஒவ்வொரு கிளைக்குமான வால்வை வரிசையாக மூடிக்கொண்டே வந்தபோது, எரிவாயுவிலேயே இயங்கும் குளிர்பெட்டிக்குச் செல்லும் கிளையை மூடியதும் முள் இறங்காமல் நின்றது. ஆனால் அந்தக் கிளையின் இரு முனைகளிலும் கசிவில்லை என்று முன்பே பார்த்திருந்தோமே! கட்டில் பலகையைக் கழற்றிய பிறகுதான் விளங்கியது. செம்புக் குழாய் ஓர் இரும்புத் தகட்டைத் துளைத்துச் செல்லும் இடத்தில், துளைக்கு இட்டிருந்த ரப்பர் வளையம் உளுத்து உதிர்ந்துவிட்டது. தகட்டின் விளிம்பு குழாயை அறுத்துக்கொண்டே வந்திருக்கிறது. சுற்றிலும் பச்சைக் களிம்பு ஏறி மங்கியிருந்த குழாயில் அந்த ஒரு கோடு மட்டும் பளபளத்தது. அதன் நடுவில் திரவத்தைத் தொட்டு வைத்ததும் கசகசா அளவில் குமிழிகள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன. அடுப்புக்கும் ரெகுலேட்டருக்கும் செலவழித்தது வீண். தேவைப்பட்டது ஒரு ரப்பர் வளையமும், குழாயை அசையாமல் பிடிக்க அரை மீட்டருக்கு ஒரு கிளிப்பும்தான்.

இனி இணைப்பு. வேலை தொடங்குமுன் சிலிண்டரை மூடி, குழாயில் மிஞ்சியதை அடுப்பில் எரித்து முடித்து, சிலிண்டரைக் கழற்றி வெளியே தொலைவில் வைத்துவிட்டு, கதவுகளைத் திறந்து காற்றோட்டம் விட வேண்டும். சிலிண்டர் வாயின் மரை பெரும்பாலும் இடமரை. வழக்கமாக இறுக்கும் பக்கம் திருப்பினால் அது கழலும் என்பதை நினைவில் வையுங்கள். குழாயை ரம்பத்தால் அறுக்காமல் குழாய்வெட்டியால் வெட்டி, உள்விளிம்பின் பிசிறை நீக்க வேண்டும். சிலிண்டர் பக்கத்திலிருந்து அடுப்பு வரை இடையில் ஒட்டுப் போடாத ஒரே குழாயாக ஓட முடியுமானால் அப்படியே ஓட்டுங்கள். இணைப்பு தவிர்க்க முடியாததென்றால், பலகைக்குப் பின்னே மறைக்காமல் கை எட்டும் இடத்தில் வையுங்கள்.

ஒன்றை இங்கே அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். குழாயின் வாயை விரித்துப் பொருத்தும் பிளேர் இணைப்பில், செம்பும் பித்தளையும் நேருக்கு நேர் அழுந்துவதாலேயே கசிவு அடைபடுகிறது. மரைக்கு அங்கே இழுத்துப் பிடிக்கும் வேலை மட்டுமே. அந்த மரையில் டெஃப்லான் டேப்பைச் சுற்றுவதால் பயனில்லை, துணுக்குகள் உள்ளே போய் அடைக்கும் தொல்லைதான் மிச்சம். கசிகிற பிளேரை டேப்பால் சமாளிக்கப் பார்க்காதீர்கள். வெட்டிவிட்டு வாயைப் புதிதாக விரியுங்கள். கூம்புவடிவ மரை என்றால் கதை வேறு. அதற்கு எரிவாயுவுக்கென்றே வரும் பூச்சோ டேப்போ வேண்டும். எது எந்த மரை என்று பாராமல் எல்லாவற்றுக்கும் டேப்பைச் சுற்றுவதைத்தான் நான் குறை சொல்கிறேன்.

சோதனைக்கு வருகிறேன். அடுப்புக்குப் போகும் அழுத்தம் இன்றைய ஐரோப்பிய வேன்களில் பெரும்பாலும் 30 மில்லிபார் அளவே. அதனால் சிறு கசிவில் சீறும் ஒலி எதுவும் கேட்காது. அழுத்தமானியை இணைத்துக் காத்திருந்துதான் பார்க்க வேண்டும். மூடிய குழாயில் வெப்பநிலை ஒரு டிகிரி மாறினாலே அழுத்தம் மூன்று மில்லிபாருக்கு மேல் மாறிவிடும் என்பதால், வேனை நிழலில் நிறுத்திக் குழாய் ஆறிய பிறகே அளவெடுங்கள். வெயில் ஏற ஏற அழுத்தமும் ஏறி, உள்ளதொரு கசிவையே மறைத்துவிடக்கூடும். கண்ணால் பார்க்க, கசிவறிவதற்கென்றே விற்கும் திரவத்தைத் தடவுங்கள். அமோனியா கலந்த துப்புரவுத் திரவங்கள் நாளடைவில் பித்தளையில் விரிசல் விடச் செய்யும். தீக்குச்சியைக் கொளுத்திப் பார்ப்பது ஒருபோதும் கூடாது.

நேரம் முடிகிறது என்று சைகை வருகிறது. ரப்பர் ஹோஸ்களைப் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன். சுருக்கமாக, அவற்றின் மேலே அச்சிட்ட ஆண்டைப் பாருங்கள், காலம் கடந்திருந்தால் பார்வைக்கு நன்றாக இருந்தாலும் மாற்றுங்கள். எரிவாயு எச்சரிக்கைக் கருவியைத் தரையை ஒட்டிப் பொருத்துங்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வேறொரு கருவி வேண்டும். சில நாடுகளில் இந்த வேலையை உரிமம் பெற்றவர் மட்டுமே செய்யலாம். நீங்களே செய்ய அனுமதி உள்ள இடத்திலும், சிலிண்டரைத் திறக்குமுன் தகுதியுள்ளவரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள். நன்றி, வணக்கம்.