உச்சி வெயில், ஆறு பேனல், கையில் பனை விசிறி!

வணக்கம் மக்களே. இன்றைக்கு என் முகம் கொஞ்சம் உர்ரென்றுதான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மணி பன்னிரண்டு. கடலூர் வெயில் மண்டையைப் பிளக்கிறது. மொட்டை மாடியில் ஆறு சோலார் பேனல், மூன்று கிலோவாட். கீழே நான் பனை விசிறியும் கையுமாக உட்கார்ந்திருக்கிறேன். மாதாந்திரப் பராமரிப்பு, 9 மணியிலிருந்து 2 மணி வரை கரண்ட் கிடையாது. நமக்குத்தான் சோலார் இருக்கிறதே என்று மிதப்பாக இட்லிக்கு அரிசி வேறு ஊறப்போட்டிருந்தேன். லைன் போன அதே நொடியில் சோலாரும் போய்விட்டது!

எதிர்வீட்டு அக்காவிடம் ஓட்டை பேட்டரி இன்வெர்ட்டர் ஒன்று இருக்கிறது. அவர் வீட்டு ஃபேன் ஜம்மென்று சுற்றுகிறது. எட்டிப் பார்த்துக் கேட்கிறார்: “என்ன தம்பி, சூரியனுக்கும் கரண்ட் கட்டா?”

வீட்டுக்கூரை சோலாருக்கு ஒன்றிய அரசு தரும் பி.எம். சூர்ய கர் மானியம் 78,000 ரூபாய் கணக்கில் ஏறியபோது நான் குதித்த குதியைப் போன மாத வீடியோவில் பார்த்திருப்பீர்கள். பில்லும் குறைந்தது, பொய் சொல்லக்கூடாது. நல்ல வெயிலில் நாளுக்கு 12 யூனிட் வருகிறது. ஆனால் மாட்டிவிட்டுப் போன ஆள் இந்த ஒரு விஷயத்தை மட்டும் வாயே திறக்கவில்லை. பேட்டரி இல்லாத ஆன்-கிரிட் சோலார், அதாவது மின்வாரிய லைனோடு இணைந்து ஓடும் சோலார், லைன் இல்லையென்றால் தானாக நின்றுவிடுமாம்.

அப்புறம், அந்த மாப். பேனல் துடைக்க நீளக் கம்பு மாப் 650 ரூபாய்க்கு வாங்கினேன் இல்லையா? மூன்றே வாரத்தில் கழுத்து ஒடிந்துவிட்டது. கடல் பக்கம், உப்புக் காற்று, போதாததற்குக் காக்கை எச்சம். துடைக்காமல் விட முடியாது. இப்போது பழைய ஒட்டடைக் கம்பில் பனியன் துணியைக் கட்டித்தான் துடைக்கிறேன். செலவு சுழியம். 650 ரூபாயை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். தெருமுனையில் லைன்மேன் அண்ணன் கம்பத்திலிருந்து இறங்கினார். மோர் கொடுத்தேன், கூடவே என் புலம்பலையும் கொடுத்தேன். அவர் சிரிக்கவில்லை. டிரான்ஸ்ஃபார்மரைக் காட்டினார். “உங்க வீட்டு 230 வோல்ட் லைன்ல திரும்பி வந்தா, அந்தப் பக்கம் 11,000 வோல்ட்டா ஏறும் தம்பி. மேல நான் இருப்பேன்.”

சட்டைக் கையை மடித்தார். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை தோல் மெழுகு மாதிரி வழவழவென்று இருந்தது, ஒரு முடிகூட இல்லை. ‘தானே’ புயல் அடித்த பிறகு, 2012 ஜனவரியில், சாய்ந்த கம்பங்களை நட்டுக்கொண்டிருந்தாராம். யாரோ சேஞ்ச்ஓவர் சுவிட்ச் (வீட்டை லைனிலிருந்து பிரித்து ஜெனரேட்டருக்கு மாற்றும் சுவிட்ச்) இல்லாமல் ஜெனரேட்டரை ஓட்டியிருக்கிறார்கள். செத்துக் கிடந்த லைனில் கரண்ட் வந்திருக்கிறது. மோர் டம்ளரைக் கழுவியே கொடுத்துவிட்டுப் போனார்.

சொல்ல மறந்துவிட்டேன், கரண்ட் போனாலும் வீட்டுக்கு மட்டும் தரும் ஹைப்ரிட் இன்வெர்ட்டர் இருக்கிறது. லைனைத் துண்டித்துவிட்டு, பேட்டரியில் ஓடும். பேட்டரி விலையைக் கேட்டேன், இப்போதைக்கு விசிறியே போதும். ஆனால் இதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும், அந்தக் கோபம் எனக்குப் போகாது. வாங்கப்போகிறவர்கள் கையெழுத்துப் போடும் முன்பே கேட்டுவிடுங்கள்.

2:10-க்கு லைன் வந்தது. என் சோலார் இன்வெர்ட்டர் உடனே வேலையைத் தொடங்கவில்லை. லைன் நிலையாக இருக்கிறதா என்று பார்க்கிறது. திரையில் நொடிகள் இறங்குகின்றன, முந்நூறு, இருநூற்றுத் தொண்ணூற்றொன்பது... காலையில் என்றால் திட்டியிருப்பேன். பக்கத்திலேயே நின்று எண்ணினேன். பச்சை விளக்கு எரிந்ததும் கிரைண்டரைப் போட்டேன். அரிசி ஊறி ஊறிக் கொழகொழவென்று கிடக்கிறது. அக்கா மறுபடியும் எட்டிப் பார்க்கிறார்.