கல்லா நிறைந்த கடையின் தயக்கம்

(ஈரோட்டில் ஜவுளி வணிகர்கள் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவைத்தலைவர் அவர்களே, ஜவுளி வணிகப் பெருமக்களே, அனைவருக்கும் என் வணக்கம்.

இணையத்தில் திறக்கும் புதிய வாய்ப்புகளை முயன்று பார்க்க வசதியாக இருப்பவர்கள் ஏன் தயங்குகிறார்கள் என்பதைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறீர்கள். சோம்பல், அறியாமை, பழமைப்பற்று என்று மேடைதோறும் சொல்லப்படும் மூன்று காரணங்களையும் நான் ஏற்பதில்லை. திங்கள் இரவு தொடங்கிச் செவ்வாய் முழுதும் கனி மார்க்கெட் ஜவுளிச் சந்தையில் நின்று, கேரளத்திலிருந்தும் கர்நாடகத்திலிருந்தும் வரும் வியாபாரிகளுக்குச் சரக்குக் கட்டிக் கொடுப்பவரைச் சோம்பேறி என்று சொல்ல யாருக்கும் வாய் வராது. அறியாமை என்றும் சொல்ல முடியாது. இந்த அரங்கில் பெரும்பாலோர் கைப்பேசியிலேயே பணம் வாங்குகிறீர்கள், கைப்பேசியிலேயே கொள்முதலும் பேசுகிறீர்கள். என் கணிப்பில் காரணம் வேறு. புதிய வழி தரும் முதல் வருமானம், ஏற்கெனவே வந்துகொண்டிருக்கும் வருமானத்தின் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கண்ணுக்கே தெரியாத அளவுக்குச் சிறியது.

சேலம் மாவட்டத்து இளம்பிள்ளையைப் பாருங்கள். அவ்வூர்ச் சேலைகளை வாட்ஸ்அப்பில் படம் போட்டு விற்பவர்களில் வீட்டிலிருந்தபடியே தொழில் செய்யும் பெண்கள் பலர் உண்டு. சரக்கு வாங்கி அடுக்க அவர்களுக்கு முதல் தேவைப்படவில்லை. படத்தை அனுப்பி, ஆர்டர் வந்தபின் உற்பத்தியாளருக்குப் பணம் செலுத்தினால், பார்சல் அங்கிருந்தே வாங்கியவர் வீட்டுக்குப் போய்விடுகிறது. 2015-இல் பெங்களூரில் தொடங்கப்பட்ட மீஷோ என்ற இணைய விற்பனைத் தளம், இப்படி வாங்கி விற்கும் ரீசெல்லர்களைக் கொண்டே தொடக்கத்தில் வளர்ந்தது. சேலைக்கு நூறு ரூபாய் லாபம் நின்று, நாளைக்கு மூன்று சேலை போனால், அந்தப் பெண்ணுக்கு அது குடும்பத்தின் நிலையையே மாற்றும் தொகை. அதே முந்நூறு ரூபாய் உங்கள் கடையில் சரக்கு ஏற்றி இறக்கும் கூலிக்குக்கூடக் காணாது. ஆகவே அவர் இறங்கியதும் நீங்கள் இறங்காததும், இரண்டுமே அன்றைய கணக்குப்படி சரியான முடிவுகள்தாம். சிக்கலே அங்குதான் இருக்கிறது.

இதற்கு அமெரிக்காவின் சியர்ஸ் நிறுவனத்தைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரிந்து இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து, பொருள்களின் படமும் விலையும் அச்சிட்ட தடித்த பட்டியலை வீடுதோறும் அனுப்பி, அஞ்சலில் ஆர்டர் பெற்று, கிராமத்துக் குடியானவன் வீட்டு வாசலுக்கே சரக்கைக் கொண்டுபோய்ச் சேர்த்த நிறுவனம் அது. கடைக்கு வராத வாடிக்கையாளருக்குப் பொருள் விற்கும் கலை அவர்களுக்குத் தலைமுறை தலைமுறையாகக் கைவந்திருந்தது. அது மட்டுமன்று, 1984-இல் கணினி நிறுவனமான ஐபிஎம், தொலைக்காட்சி நிறுவனமான சிபிஎஸ் ஆகியவற்றுடன் கூட்டுச் சேர்ந்து, பின்னாளில் புராடிஜி என்று பெயர் பெற்ற கணினிவழிச் சேவை ஒன்றையும் தொடங்கியிருந்தார்கள். கணினித் திரையில் பொருள் விற்கலாம் என்பதை உலகில் பலருக்கு முன்பே அறிந்திருந்தவர்கள் அவர்கள். ஆயினும் 1993-இல், நட்டம் தருகிறது என்று தங்கள் பெரிய பட்டியலை நிறுத்தினார்கள். மறு ஆண்டு, 1994-இல், அமேசான் தொடங்கப்பட்டது. 1996-இல் புராடிஜியும் கைமாறியது. 2018 அக்டோபரில் சியர்ஸ் திவால் பாதுகாப்புக் கோரி நீதிமன்றம் சென்றது. அதன் வீழ்ச்சிக்குக் கடனும் நிர்வாகமும் என்று வேறு காரணங்களும் உண்டு என்பதை மறைக்க மாட்டேன். ஆனால் பட்டியலை நிறுத்திய அந்த ஆண்டின் கணக்கேட்டை உங்களிடம் கொடுத்திருந்தால், நீங்களும் நானும் அதையேதான் செய்திருப்போம்.

உளவியல் அறிஞர்கள் டேனியல் கானெமனும் ஏமோஸ் ட்வெர்ஸ்கியும் 1979-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு ஓர் அடிப்படையைக் காட்டியது. ஒரே அளவான தொகையானாலும், வருவதில் உள்ள மகிழ்ச்சியைவிடப் போவதில் உள்ள வலி மனிதருக்குப் பெரியது. முதலுக்கே மோசம் வந்துவிடக் கூடாது என்று நம் பெரியவர்கள் சொல்வதும் அந்த வலியை அறிந்துதான். முதலே இல்லாதவருக்கு அந்த அச்சமும் இல்லை.

இத்துடன், வெளியே சொல்ல நாம் கூசுகிற ஒன்றும் சேர்கிறது. துணியைத் தொட்டவுடன் நூலின் தரத்தைச் சொல்பவர், ஆளைப் பார்த்தவுடன் எத்தனை நாள் கடன் தரலாம் என்று கணிப்பவர், இணையத்தில் முதல் நாள் ஒன்றும் தெரியாதவராக உட்கார வேண்டியிருக்கிறது. படம் சரியில்லை என்று இருபது வயதுப் பையன் சொல்லுவான்; முகம் தெரியாத ஒருவர் ஒற்றை நட்சத்திரம் போட்டுவிட்டுப் போவார். ஊரில் 'அண்ணாச்சி' என்றோ 'முதலாளி' என்றோ அழைக்கப்படும் ஒருவருக்கு இது பண நட்டத்தைவிடக் கடினமானது என்றே நினைக்கிறேன்.

எல்லாத் தயக்கமும் பிழையன்று. டெலிகிராமில் வந்து, வீடியோவுக்கு லைக் போட்டால் பணம் என்று தொடங்கி, பிறகு முன்பணம் கட்டச் சொல்லும் கூட்டத்தின் முன் தயங்குவதே அறிவு. அதைக் காட்டி எல்லாவற்றையும் ஒதுக்குவதுதான் தவறு.

ஒரு வேடிக்கையையும் சொல்ல வேண்டும். இணையச் சந்தைத் தளங்கள் வழியே சரக்கு விற்பவர், விற்றுமுதல் எவ்வளவு சிறியதாயினும் ஜிஎஸ்டி பதிவு பெற்றே தீர வேண்டும் என்ற விதி பல ஆண்டுகள் இருந்தது. மாநிலத்துக்குள் மட்டும் விற்கும் சிறு வணிகர்களுக்கு 2023 அக்டோபர் 1 முதல்தான் அது தளர்ந்தது. அந்தத் தடை உங்களுக்கு என்றுமே இருந்ததில்லை. பதிவு, ஆடிட்டர், கிடங்கு, ஆள் எல்லாம் உங்களிடம் இருந்தன. வாசல் திறந்திருந்தவர்கள் உள்ளே போகவில்லை. வாசல் அடைபட்டிருந்தவர்கள் சுவரேறிக் குதித்தார்கள்.

2020 ஊரடங்கில் நம்மில் பலர் வாட்ஸ்அப்பில் சரக்கு விற்றோம். ஆசையினால் அன்று, கடை மூடியிருந்தது. கடை திறந்ததும் அந்தக் குழுக்களைப் பலர் கைவிட்டோம். ஆகவே, இதைக் கடையின் லாபத்தோடு ஒப்பிடாதீர்கள் என்பதே என் வேண்டுகோள். தனிக் கணக்கு, தனிச் சரக்கு, திருப்பி வராவிட்டாலும் தூக்கம் கெடாத ஒரு தொகை, ஓராண்டு அவகாசம் ஆகியவற்றை ஒதுக்குங்கள். மகனிடமோ மேலாளரிடமோ முழுவதையும் விட்டுவிடாமல், முதல் மாதத்துப் பார்சல்களை நீங்களே கட்டுங்கள். ரிட்டர்ன் வந்த சேலையையும் நீங்களே பிரித்துப் பாருங்கள். படத்தில் கண்ட நிறத்துக்கும் கையில் உள்ள நிறத்துக்கும் எவ்வளவு வேறுபாடு என்பதை, உங்களைவிட விரைவாகக் கண்டுபிடிக்கக்கூடியவர் உங்கள் கடையில் வேறு யாரும் இல்லை.